நடுவில் வந்து நின்ற குரல்

தாஸண்ணன் இறந்துவிட்டதாக அவர் மகள் போனில் சொன்னபோது, விருத்தாசலம் பஸ் நிலையத்தில் மங்கலம்பேட்டை பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

பீங்கான் தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சூளையிலிருந்து இறங்கும் ஒவ்வொன்றையும் தட்டி, காது கொடுத்துக் கேட்டு, விரிசல் விழுந்ததை ஒதுக்குவார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் அதையேதான் செய்தேன்.

அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா போன பிறகு, கோயில் பாடகர் குழுவில் அக்கா பாடிய ஒரே ஒரு பதிவுதான் மிச்சம். அதை நன்றாகக் கேட்பதற்காகவே ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் வாங்கினார். பிளக் இல்லாமல் வயர் நுனியை அப்படியே செருகியதில், வீடு கூட்டப் பெட்டியை நகர்த்தும்போதெல்லாம் கம்பி இழைகள் ஒடிந்தன. துபாயிலிருந்து தம்பி அனுப்பிய தங்க முலாம் பிளக்குகளைப் பெருமையாக நீட்டினேன். வயரை மாட்டி ஓர் இழு இழுத்தார், கையோடு வந்துவிட்டது.

"மினுக்கி என்னா ஆவப்போவுது பாய்? புடிச்சத வுடாம இருக்கணும், அவ்ளோதான்" என்றார்.

திருகாணியால் வயரை இறுக்கும் சாதாரணப் பித்தளை பிளக்குகளையே தேர்ந்தெடுத்தார். மாட்டிப் பாட்டைப் போட்டோம். அக்காவின் குரல் கனமே இல்லாமல் அறையில் எங்கெங்கோ அலைந்தது. பெட்டியில் விரிசல் என்று இருவரும் ஒரே நேரத்தில் முடிவு கட்டினோம். எங்களுக்கு வேறென்ன தோன்றும்? மத்தியானம் முழுக்க இரண்டு பெட்டிகளையும் தட்டித் தட்டிக் கேட்டோம். டீ கொண்டுவந்த மகள்தான் பார்த்தாள்.

"அப்பா, இந்தப் பெட்டியில மட்டும் செவப்பு பிளக்கு கருப்பு ஓட்டையில இருக்குது பாருங்க."

மாற்றிச் செருகினோம். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, யாருமில்லாத இடத்தில் அக்கா நின்று பாடினார். தாஸண்ணன் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டா பாய்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுவிடுவார். இருவரும் உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்போம்.

மகள் கொடுத்துவிட்டதால் இப்போது அந்தப் பெட்டிகள் என் வீட்டில் இருக்கின்றன. எதையும் ஒருமுறை இழுத்துப் பார்த்து நம்பும் அவர் வழக்கமும் என்னோடு தங்கிவிட்டது. நேற்று எல்லாவற்றையும் சரியாக மாட்டிவிட்டு, அவர் குரலைத் தேடிப் போன் முழுக்கத் துழாவினேன். படங்கள்தான் இருக்கின்றன. தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் பேச்சைப் பதிவு செய்ய எனக்குத் தோன்றவே இல்லை.

உங்களில் யாரிடமாவது அவர் பேசியது இருந்தால் அனுப்புங்கள். யாரைத் திட்டியதாக இருந்தாலும் பரவாயில்லை, அரை நிமிடம் போதும்.