நடை வேகத்தில் ஒரு மேடு

வைமாரியின் தொழில், இறந்தவர்களைப் பைக்கில் ஏற்றிப் போவது. பெரிய இரட்டை சிலிண்டர் பைக், பக்கத்தில் நீளமான சைட்கார், அதன்மேல் கண்ணாடிக் கூடு, கூட்டுக்குள் பெட்டி. கிஸ்போர்ன் நகருக்கு வடக்கே கடலோர ஊர்களில் பைக் பைத்தியம் பிடித்த குடும்பங்கள் நிறைய உண்டு. வாழ்நாள் முழுக்க தோல் சட்டையும் எண்ணெய்க் கறையுமாகத் திரிந்தவனைக் கறுப்பு வேனில் அனுப்பிவைக்க அவர்களுக்கு மனம் வராது. வைமாரியைக் கூப்பிடுவார்கள்.

அதற்கு முன்பு அவள் மரம் ஏற்றும் லாரி ஓட்டினாள். மலையிலிருந்து பைன் மரங்களை இறக்குவது அந்தத் தொழில். மலைக்கு மனிதர்களை ஏற்றுவது இந்தத் தொழில். "மரம் ஓட்டுறது லேசு. அதோட சொந்தக்காரங்க பின்னாலயே அழுதுட்டு நடந்து வரமாட்டாங்க" என்பாள்.

போன குளிர்காலத்தில் ஒரு பள்ளி ஆசிரியையை ஏற்றிப் போனபோது, சமமான தெருவில், நடை வேகத்தில், எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. "டீச்சருக்கு இறங்கி நடக்கணும்போல இருக்கு" என்று யாரோ சொல்ல, அழுதவர்களே சிரித்துவிட்டார்கள். வைமாரிக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கக் கண்ணாடியில் பின்னால் வந்த கூட்டம் தெரிந்தது. இதே இருமல் ஒரு மேட்டில் வந்திருந்தால் இத்தனை பாரமும் அவர்கள்மேல்தான் போயிருக்கும்.

காரணம் அவளுக்குத் தெரியும். சைலன்சரையும் காற்று வடிகட்டியையும் மாற்றியிருந்தாள். எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று எஞ்சினுக்குச் சொல்லும் கணக்கை மேப் என்பார்கள். அதை ஏற்றுகிற கையடக்கப் பெட்டியிலேயே வந்த பொது மேப் ஒன்றைப் போட்டிருந்தாள். அது கடையில் வாங்கிய ரெடிமேட் சட்டை. எல்லோருக்கும் சேரும், யாருக்கும் பொருந்தாது. மெதுவாகப் போனால் இருமும்.

அளவெடுத்துத் தைக்கிறவன் டேரில். கிஸ்போர்னில் பட்டறை வைத்திருக்கிற வெள்ளைக்காரப் பையன். பின்சக்கரத்தை உருளைமேல் நிறுத்தி ஓடவிட்டு, கணினியைப் பார்த்துப் பார்த்து இந்த எஞ்சினுக்கென்றே ஒரு மேப் எழுதிக்கொடுத்தான். சைட்கார் உருளையில் ஏறாததால் அதைக் கழற்றி வைத்துத்தான் எழுதினான். அவள் மணல் மூட்டைகளை ஏற்றி நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தாள். இருமல் போன இடம் தெரியவில்லை.

ஹேமி கரௌரியாவின் சாவுக்குப் புது மேப்போடுதான் போனாள்.

ஹேமி செத்த பிறகும் இளைக்காத மனிதர். ஊர்ப் பொதுக்கூடமான மராயின் முற்றத்தில் சொந்தபந்தம் எல்லாம் அழுது, பேசி, பாடி முடித்துப் பெட்டியை எட்டு பேர் சிரமப்பட்டு ஏற்றினார்கள். கல்லறை ஊருக்கு அப்பால், கடலைப் பார்த்த குன்றின் உச்சியில். இரவெல்லாம் மழை. களிமண் தடம் மெழுகிவிட்டதுபோல் மினுங்கியது.

நண்பர்களின் பைக்குகள் முன்னால் போய்விட்டன. நடப்பவர்கள் பின்னால் வந்தார்கள், வழக்கப்படி. மனைவி அட்டாரியா கண்ணாடிக் கூட்டில் ஒரு கை வைத்தபடி பக்கத்திலேயே நடந்தாள். அவள் நடைதான் வண்டியின் வேகம். இருமல் இல்லை. ஆனால் குன்றடிக்குப் போகும் பாதி வழியில் வைமாரியின் தொடை சுடத் தொடங்கியது. எஞ்சின் சத்தம் தானாக ஏறி, தானாக இறங்கியது. கொஞ்சம் முறுக்கினால் தகர டப்பாவில் சில்லறையைக் குலுக்கியதுபோல ஒரு சத்தம். லாரியில் அந்தச் சத்தத்தை அவள் கேட்டிருக்கிறாள். கேட்ட மறுநாள் பிஸ்டனை மாற்றினார்கள்.

குன்றடியில் கேட். அங்கே பாதிரியார் ஜெபம் சொல்வதற்காக எல்லோரும் நிற்பார்கள். வைமாரி எஞ்சினை அணைத்தாள். டேரிலும் ஹேமிக்குத் தெரிந்தவன். கூட்டத்தில் நின்றவனைக் கண்ணாலேயே கூப்பிட்டாள்.

"சில்லறை சத்தம் கேக்குதுடா."

"இருக்காதுக்கா. உருளையில முழு வேகத்துல ஓட்டிப் பாத்தேன்."

"முழு வேகத்துல எவன் பொணம் தூக்குறான்?"

டேரில் குனிந்து எஞ்சினருகே கையைக் கொண்டுபோய், சட்டென்று இழுத்துக்கொண்டான். "உருளையில ஓட்டுறப்ப எஞ்சினுக்கு முன்னாடி ஒரு பெரிய காத்தாடி ஓடிட்டு இருந்துச்சு" என்றான் மெதுவாக. "இவ்ளோ சூட்டுல நான் பாக்கவே இல்ல. மேடு சின்னதுதான். தாங்கிடும்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா, தெரியுமா?"

"நெனைக்கிறேன்."

"பழைய மேப்பைத் திருப்பிப் போட்டா?"

"பிஸ்டன் உருகாது. ஆனா இருமும். நடை வேகத்துல மேடு ஏறினா நிக்கறதுக்கு வாய்ப்பு இருக்கு."

பழையது, தெரிந்த குறை. புதியது, எவ்வளவு என்று தெரியாத குறை. முறுக்கிக்கொண்டே போனால் பழைய மேப் இருமாது. ஆனால் நடப்பவர்களை விட்டுவிட்டு வேகமாகப் போக முடியாது. நின்றுவிட்டாலோ பின்னால் ஆட்கள். வைமாரி திரும்பிப் பார்த்தாள். தள்ளுவண்டியில் ஒரு குழந்தைகூட இருந்தது.

ஜெபம் முடியப்போகிறது. அவள் அட்டாரியாவிடம் போய் உள்ளதைச் சொன்னாள். "வண்டி மேல எனக்கு முழு நம்பிக்கை இல்ல. தோள்ல தூக்கறதுன்னா இப்பவே இறக்கிடலாம். தப்பு என்னோடது."

அட்டாரியா தடத்தைப் பார்த்தாள். "இந்தச் சேத்துலயா? எட்டு பேரும் வழுக்கி விழுந்து, இவரைக் கடல்ல தேடணும். வேற என்ன வழி?"

"எல்லாரும் முன்னாடி ஏறிடணும். பின்னாடி ஒருத்தர்கூட இல்லாம நான் வரணும். கொஞ்சம் வேகமா."

ஹேமியின் அண்ணன் மட்டு குறுக்கே வந்தார். "அதெப்படி? முன்னால போறவன் அவன்தான். பின்னால வர்றதுதான் நாம. இன்னிக்கு வண்டிக்காக முறையை மாத்தினா, நாளைக்கு எதுக்காக மாத்துவீங்க?"

கேள்வி நியாயமானதுதான் என்று வைமாரிக்குப் பட்டது.

அட்டாரியா சொன்னாள்: "மச்சான், எங்க கல்யாணத்துக்கு உங்க தம்பி எப்ப வந்தாரு?"

மட்டு பாதிரியாரைப் பார்த்தார்.

"எல்லாரும் வந்து உக்காந்து, பாதிரியார் கொட்டாவி விட்ட பொறவு வந்தாரு. இன்னிக்கு மட்டும் என்ன அவசரமாம்? ஏறுங்க எல்லாரும்."

கூட்டம் ஏறத் தொடங்கியது. மட்டு கடைசியாகப் போனார், திரும்பிப் பார்க்காமல். வைமாரி கையடக்கப் பெட்டியின் கம்பியை எஞ்சினில் செருகிப் பழைய மேப்பை ஏற்றினாள். திரையில் பட்டை மெல்ல நிறைந்தது. பாதியில் அறுந்தால் வண்டி இங்கேயே பிணமாகிவிடும். டேரில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீயும் போ."

"தள்ள ஆள் வேணாமா?"

"பின்னாடி யாரும் வேணாம்னேன். நீ யாருமில்லயா?"

அவன் போனான்.

முதல் நேர்த்தடம் சுகமாகக் கடந்தது. வளைவில் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். குறைத்தாள். எஞ்சின் இருமியது. முறுக்கினாள், பின்சக்கரம் களிமண்ணில் சுழன்றது, இன்னொரு இருமல், அமைதி. மேலே யாரோ "ஐயோ" என்றது கேட்டது. முன் பிரேக்கை முழுக்க அழுத்தியும் வண்டி அங்குலம் அங்குலமாகப் பின்னால் வழுக்கியது.

பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். தடம் வெறுமையாக இருந்தது.

லாரியில் கற்றதைச் செய்தாள். வழுக்குகிற வண்டியோடு மல்லுக்கு நிற்காமல் பிரேக்கைத் தளர்த்தினாள். ஹேமியும் அவளும் பின்னோக்கி இறங்கினார்கள், வளைவுக்குக் கீழே சரளைக்கல் இருந்த இடம்வரை. ஆட்கள் நின்றிருந்தால் அந்த இடத்தில்தான் நின்றிருப்பார்கள். சக்கரம் கல்லைக் கடித்தது. ஸ்டார்ட் செய்தாள். இந்த முறை மரியாதையெல்லாம் பார்க்கவில்லை. உறுமலோடு வளைவை ஒரே மூச்சில் வாங்கி, உச்சியில் கூட்டம் விலகி விட்ட வழியில் வந்து நின்றாள். பிரேக்கைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தாள்.

மட்டு வந்து கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். "பாதி வழில திரும்பிப் போனானே, எதை மறந்துட்டானாம்?" என்று கேட்டார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கேட் குழாயில் கை கழுவினார்கள். டேரில் பக்கத்தில் வந்தான். "என் மேப்பே ஏறியிருக்கும்னுதான் இன்னும் தோணுது" என்றான்.

"ஏறியிருக்கலாம்" என்றாள் வைமாரி. அவளுக்கும் அது தெரியாது. இன்றுவரை தெரியாது. அவன் பிறகு சைட்காரோடு, காத்தாடி இல்லாமல், நாள் கணக்கில் கூடவே ஓட்டி இன்னொரு மேப் எழுதினான். நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் மேட்டுக் கல்லறை என்றால் அவள் குடும்பத்திடம் முதலிலேயே சொல்லிவிடுகிறாள்: நடப்பவர்கள் முன்னால், வண்டி பின்னால். முறை மீறல் என்று சிலர் மறுப்பதுண்டு. அவர்களிடம் அவள் வாதாடுவதில்லை. கறுப்பு வேன்காரரின் எண்ணைக் கொடுத்துவிடுகிறாள்.