மதகடிப்பட்டில் பறிபோன வினைச்சொல்

ஜெர்மனியோடு யுத்தம் தொடங்கிய மறு வருஷம், மாசி மாதம். காலை ஆறு மணிக்கு வில்லியனூரிலிருந்து மாட்டுவண்டியில் கிளம்பினேன். விழுப்புரத்துக்கு வாடகை ஒன்றரை ரூபாய். மதகடிப்பட்டு வரை பிரெஞ்சு எல்லை, தூரம் கிலோமீட்டரில்; அதைத் தாண்டினால் இங்கிலீஷ்காரன் சீமை, மைலில்.

மடியில் ஒரு ஜெர்மன் கதைப் புத்தகம். பிரெஞ்சு வழியாக ஜெர்மன் கற்றவன் நான், அரைகுறை. ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். தாயிடம் சண்டை போட்டுக் கப்பலேறிய ஒருவனின் கதை அது. விழுப்புரத்து நண்பர் ராகவனும் நானும் எட்டு மாதமாக மாறி மாறிப் படித்தோம். கடைசித் தாளை மட்டும் இருவரும் சேர்ந்து படிப்பதென்று பேச்சு. அதன் முன்பக்கத்தில் கதையின் முடிவு. வெறுமையாயிருந்த பின்பக்கத்தில் கடினச் சொற்களுக்குத் தமிழ் அர்த்தங்களைப் பென்சிலால் எழுதியிருந்தேன்.

ஒன்பது மணிக்கு எல்லைச் சுங்கச் சாவடி.

“இது இன்னா பாஷை?” என்றார் அதிகாரி.

“ஜெர்மன். கதைங்க.”

முகம் கடுத்தது. தலைகீழாகப் பிடித்துப் புரட்டினார். அச்செழுத்து பிடிபடவில்லை, என் தமிழ் பிடிபட்டது. உரக்கப் படித்தார்: “பாலம். காத்திரு. கொளுத்து. ஓடிவிடு.” நிமிர்ந்தார். “எந்தப் பாலத்தடா கொளுத்தப் போற?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொற்களுக்கு அர்த்தம் என்று எத்தனை சொல்லியும் ஏறவில்லை.

வண்டிக்கார முருகேசன் குறுக்கே வந்தார். “வூட்டு அடுப்பையே பத்த வெக்கத் தெரியாதுங்க இவருக்கு.”

புத்தகம் தப்பியது. தாளை மட்டும் சரக்கென்று கிழித்து, மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

“முன்பக்கத்த ஒரே ஒரு தரம் பாத்துட்டுத் தரேங்க.”

“மனப்பாடம் பண்ணிக்கவா? போடா!”

என்ன அக்கிரமம்! எட்டு மாத உழைப்பு அவர் சட்டைப் பையில் நாலாக மடிந்து போயிற்று. வழி நெடுக வாய்விட்டுத் திட்டினேன். முருகேசனும் சேர்ந்து திட்டினார்.

பிற்பகல் இரண்டு மணிக்கு விழுப்புரம். ராகவன் வாசலிலேயே கேட்டார்: “கப்பலேறினவன் வூட்டுக்கு வந்தானா, இல்லியாபா?”

மிஞ்சிய பக்கத்தின் கடைசி வரியை மொழிபெயர்த்துச் சொன்னேன்: “ஏழு வருஷத்துக்குப் பிறகு அவன் தாயின் வீட்டுக்கு மீண்டும்...”

“மீண்டும் இன்னா?”

அதோடு பக்கம் முடிந்துவிட்டது. ஜெர்மன்காரனும் இம்மாதிரி வாக்கியங்களில் நம்மைப் போலவே வினைச்சொல்லைக் கடைசியில் வைக்கிறான். பிரெஞ்சாயிருந்தால் முன்னாலேயே வந்து தொலைத்திருக்கும். வந்தானா, வராமலே இருந்தானா? அது சுங்க அதிகாரியின் பையில் இருக்கிறது. அந்த மனுஷனுக்கு ஜெர்மனில் ஒரு எழுத்தும் தெரியாது.