பாவின்மேல் விழுந்த வெள்ளைத் துணி

ஸ்கைலாப் என்கிற அமெரிக்க விண்வெளிக் கூடம் விழப்போகிறது என்று ரேடியோவில் சொன்னதிலிருந்து குழந்தையின் தூளியை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறேன். கூடத்தில் கட்டினால் மேலே வெறும் ஓடு. தளம் போட்ட உள்ளறையில் கட்டினால் காற்றில்லை. "வூடு மாதிரி பெருசா வுழப்போவுதுன்றாங்க, நீ ஓட்டுக்கும் தளத்துக்கும் கணக்குப் பாத்துக்கினு இருக்கிற" என்று என் கணவர் சிரிக்கிறார். சிரிப்பது நியாயந்தான்.

சூரியனின் சீற்றத்தில் உயரத்துக் காற்று உப்பிவிட்டதாம். அதில் உரசி உரசித்தான் அது கீழே இறங்குகிறதாம். பேப்பரில் இதைப் படித்ததும் எனக்குக் கஞ்சி வாசனை வந்தது. காற்று மண்டலத்துக்கும் கஞ்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள்.

நான் ஒன்பதாவது படித்த வருஷம் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை, அதே தெருவில் இருந்த அத்தையின் மகன். ஊருக்கெல்லாம் பட்டு நெய்தாலும் மகளின் கூறைப்புடவையை அப்பாவே நெய்ய வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆடி மாதக் காலை ஒன்றில், அதற்கான அரக்குச் சிவப்புப் பாவை, அதாவது நெடுக்கு இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார். எதிர்முனையை அக்கா பிடித்திருந்தாள்.

அப்போதுதான் வானத்திலிருந்து அது விழுந்தது. ஒரு சின்ன அட்டைப்பெட்டி, கிழிந்த ரப்பர், நீள நூல், குடை போல விரிந்த வெள்ளைத் துணி. பெட்டி மோதிச் சில இழைகள் அறுந்தன. துணியோ பாவின்மேல் போர்த்தியதுபோல் படிந்தது.

அத்தை ஓடிவந்தாள். "அண்ணா, இந்தப் பாவு வேணாம்ணா. வெள்ளத் துணி வுழுந்த பாவுல என் மருமவளுக்குக் கூறையா? அறுத்துப் போட்டுடு."

அறுத்தால் வேறு பாவு தயாராகாது. ஆவணி முகூர்த்தம் தள்ளிப்போகும். தள்ளிப்போனால், நடக்குமா என்பதே சந்தேகம். அப்பா அறுந்த இழைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. அந்த மாதந்தான் பாடம் நடந்திருந்தது.

"அத்த, இது காத்து எப்படி இருக்குதுன்னு பாக்க வுடுற பலூன். மேகம், மழை எல்லாம் அடி அடுக்கோட சரி. அதுக்கு மேல மேகமே கிடையாது. அங்க போனா பலூன் உப்பி வெடிச்சுடும். இன்னும் மேல எரிநட்சத்திரம் எரியற அடுக்கு, அப்பறம் ரேடியோ அலையைத் திருப்பி அனுப்புற அடுக்கு…"

"அத்தினி அடுக்கையும் பாத்துட்டு வந்துதே, கீழ என் வூட்டுக் கூறைய மட்டும் பாக்கலியா அது?"

அக்காதான் பாவின் முனையை என் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். "அம்மாம் ஒசரத்துலருந்து எங்கியாவது வுழுந்துதானே ஆவணும் அத்த. குளத்துல வுழுந்திருந்தா தண்ணிய எறச்சிக் கொட்டிடுவியா?" என்றபடி வெள்ளைத் துணியைச் சுருட்டிக்கொண்டு பக்கத்துச் சாயக்காரர் வீட்டுக்குள் போனாள். அரக்குச் சாயம் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து அத்தையின் முன்னால் விரித்துப் பிடித்தாள். "இப்ப சொல்லு, வெள்ளையா இது?"

"வாயாடி, வந்து சேரு எங்க வூட்டுக்கு, வச்சிக்கிறேன்" என்றாள் அத்தை. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா உட்கார்ந்து அறுந்த இழைகளை முடியத் தொடங்கினார். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

இரண்டு வருஷம் கழித்து, முதல் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் அக்கா போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை. அத்தை பயந்த கைம்பெண் வெள்ளை அவளைத் தொடவில்லை. அந்தக் கூறையை உடுத்தித்தான் அனுப்பினோம். உடுத்திவிட்டவள் அத்தை. இப்படி நேரும் என்று அத்தையும் பயப்படவில்லை, என் பாடத்திலும் இல்லை.

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அன்று பாவை அறுத்திருந்தால் என்று ஒரு வார்த்தை சொல்வாள், சொன்னால் பலூனுக்கும் பிரசவத்துக்கும் சம்பந்தமில்லை என்று அழுதுகொண்டேயாவது வாதாடலாம் என்று இருந்தேன். அவள் கடைசிவரை அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசவேயில்லை. போன தை மாதம் அவளும் போய்விட்டாள்.

எந்த அடுக்குக்குமேல் எந்த அடுக்கு என்று இன்றும் தடுமாறாமல் ஒப்பிப்பேன். குறுக்கே கேட்டு மடக்கத்தான் அந்தத் தெருவில் யாரும் இல்லை.