ஊர் என்று ஒரு கட்டம்

காலியாக ஒரு கட்டத்தைப் பார்த்தால் பொத்தான் அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. பொத்தான், ஜிப், லேஸ் விற்கும் சின்னக் கடை அவளுடையது. கல்லாவில் உட்கார்ந்தபடியே, செல்போனில், தையல்காரிகளின் இணையக் குழுவையும் நடத்தினாள். யார் என்ன கேட்டாலும், பதிவின் கீழே என்ன பழுது, எந்த ஊர், எந்தக் கடை என்ற கட்டங்களை அவளே நிரப்பிவிடுவாள். அந்தக் குறிப்புகளைப் படித்துத்தான் மற்ற குழுக்கள் தங்களுக்கு வேண்டிய பதிவுகளைத் தாமாகவே இழுத்துக்கொள்ளும். மெஷின் ரிப்பேர்காரர்களின் குழுவோடு இணைப்புப் போட்டவளும் அவள்தான்.

அன்று பகலில், பின்னறையில் தைக்கும் பெண் ஓடி வந்தாள். போன மழைக்காலத்தில் ஒரு பையும் ஒரு தையல் மெஷினுமாக வந்து நின்றவள். அன்றிலிருந்து அக்காவுக்கு அவள் தங்கச்சி.

"அக்கா, நூல் அறுந்துட்டே இருக்குன்னு காலையில படம் போட்டேனே, அதுல ஊர் பேரை யாரு சேர்த்தது?"

"நான்தான். நீ பாட்டுக்கு மொட்டையா போட்டிருந்தே. ஏன்டி, முகம் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"அது ரிப்பேர்காரங்க குழுவுக்குப் போயிடுச்சு. எங்க வீட்டுக்காரர் அங்கதான்க்கா இருக்காரு! படத்துல மெஷினோட அந்த ஒட்டுப்போட்ட சக்கரம் தெரியுது. என் மேல எறிஞ்சு உடைச்சதும் அவரு, ஒட்ட வச்சதும் அவரு. பார்த்தா தெரியாதா? இந்தத் தடவை உயிரோட விடமாட்டாரு."

அவள் புருவத்துத் தழும்பைப் பார்த்த அக்கா உடனே செல்போனை எடுத்தாள். ரிப்பேர் குழுவை நடத்தும் ஆயில் மாமாவை அழைத்து, விஷயத்தைச் சொல்லி அழுதாள்.

"மாமா, உங்க பக்கம் அழிச்சிடுங்களேன்!"

"நான் பஸ்ல இருக்கேன்மா, கையில சாதா போன். நீயும் அவசரப்பட்டு அழிச்சிடாதே. பதிவை அழிச்சா எங்க குழுவுல இருக்கிற நகல் ஊர் பேரோட அப்படியே நின்னுடும். குறிப்பை மட்டும் காலி பண்ணு, நகல்லயும் தானா போயிடும். கட்டத்தைக் கண்டா விடமாட்டியே நீ!"

ஊரை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். கடையையும் அழித்தாள். சேமித்தாள்.

அதற்குள் தங்கச்சியின் வீட்டுக்காரர் பார்த்திருந்தால்?

வாசலில் ஒரு பைக் வேகம் குறைந்தது. தங்கச்சி அக்காவின் தோளுக்குப் பின்னால் ஒடுங்கினாள். தண்ணீர் கேன்காரர்தான். "என்னக்கா, பேயைப் பார்த்த மாதிரி பார்க்கிறீங்க?" என்று கேனை இறக்கிவிட்டுப் போனார்.

செல்போன் ஒலித்தது. அந்தப் பதிவின் கீழே, தங்கச்சி வீட்டுக்காரரின் பெயரில், ஒரே வரி:

"இந்த மெஷின் எந்த ஊர்ல இருக்கு?"

தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். "தெரிஞ்சிடுச்சுக்கா... மெஷினை அடையாளம் கண்டுபிடிச்சிட்டாரு!"

அக்கா அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

"கேக்கிறாருடி," என்றாள். "ஊர் தெரிஞ்சிருந்தா கேப்பாரா?"

அந்த வரிக்குக் கீழே, பதில் எழுதும் கட்டம் காலியாகத் திறந்து கிடந்தது. பொத்தான் அக்கா இரண்டு கைகளையும் மடியில் இறுகக் கோத்துக்கொண்டாள்.