கடற்கரை மணல் ஒட்டிய மீன்

யுத்த காலத்தில் மட்டக்களப்பு வாவியில் பிணங்கள் மிதந்தன. வாவி மீனை ஒருவரும் வாங்கவில்லை. சைக்கிளில் மீன் விற்ற நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். வாவியில் பிடித்த கொடுவா மீனைக் கடற்கரை மணலில் புரட்டி, கடல் மீன் என்று கூவி விற்றேன். அதை மனைவியிடம் பெருமையாகவும் சொன்னேன்.

ஆரையம்பதியில் கனகம்மா அக்கா வழக்கமாக வாங்குவார். அவருடைய மகனைப் பிடித்துக்கொண்டு போய் ஆறு மாதம். ஒரு தகவலும் இல்லை.

ஒரு நாள், "தம்பி, இது கடல் மீன்தானே?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா. மணலைப் பாருங்க."

"உன்னை நம்பித்தான் வாங்கிறன். என்ட புள்ள எந்தத் தண்ணிக்குள்ள கிடக்கானோ தெரியா. வாவி மீனெண்டா எனக்குத் தொண்டைக்குள்ள இறங்காது."

மீனைத் திருப்பி வாங்கியிருக்கலாம். நான் செய்தது வேறு. அவருக்காக அன்று செதில் சுரண்டி, துண்டு போட்டும் கொடுத்தேன்.

"நல்லா இருப்பாய் தம்பி" என்றார்.

அன்றிலிருந்து நான் மீன் தின்பதில்லை. அதனால் ஊரில் என்னைப் பக்திமான் என்கிறார்கள். அப்படியில்லையென்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.