மீட்டருக்குக் கீழே ஒரு ஹம்பர்

அண்ணாந்து மீட்டரைப் படித்துக்கொண்டிருக்கும்போதே சுவிசேஷமுத்துவின் இடது கால், கீழே கிடக்கும் சாக்கை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிடும். சத்தம் 'டொக்' என்றால் பிளாஸ்டிக் வாளி. அட்டையில் எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். 'டிங்' என்று எஃகு குரல் கொடுத்தால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அங்கேயே குந்திவிடுவார். "இதை யாரு ஓட்டுனது?" என்பதுதான் முதல் கேள்வி. தருவீர்களா என்று முதல் நாளே கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

பாளையங்கோட்டையில் வீடு வீடாகக் கரண்ட் ரீடிங் எடுக்கிறவர் அவர். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ். டாக்டர்கூடக் கூப்பிட்டால்தான் வீட்டுக்குள் வருவார். இவர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூப்பிடாமலே வருவார். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் மீட்டர் பெட்டி மாடிப்படிக்குக் கீழே இருக்கும், இல்லாவிட்டால் வீட்டோரம் போகிற நடையில் இருக்கும். மோட்டார் பைக் வாங்கிய வீட்டில் பழைய சைக்கிள் போய் நிற்கிற இடமும் அதேதான். அதைக் கவனித்து வைத்துக்கொண்டவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

சேரன்மகாதேவிப் பக்கம் வேலை பார்த்தபோது பத்தமடையில் ஒரு வீட்டில், சுருட்டி வைத்த பாய்களுக்குப் பின்னால் ஒரு ராலே சைக்கிள் கிடைத்தது. முப்பது வருஷம் காற்றுப் படாமல் இருந்ததால் ரிம்மில் முகம் பார்க்கலாமாம். மேலப்பாளையத்தில் ஷம்ஸியா என்கிற அம்மா ஒரு பி.எஸ்.ஏ.வில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி, ஆனா எங்களுக்குக் கொடி இல்லாமப் போயிருமே" என்று சொல்ல, சுவிசேஷமுத்து நைலான் கயிறு வாங்கி வந்து நடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கட்டிக்கொடுத்துவிட்டுத்தான் சைக்கிளைத் தொட்டார். இப்போதும் ஒவ்வொரு ரீடிங்கிலும் அந்தக் கயிறு தொய்ந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பாராம்.

ஆள் ஒல்லி. பை தூக்கித் தூக்கி வலது தோள் இடது தோளை விட இரண்டு விரற்கடை இறங்கியிருக்கும். கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது, அண்ணாந்து பார்த்தே பிழைத்ததால். நர்ஸாக இருந்த பழக்கத்தில் தைலம் தடவச் சொன்னேன், தடவுவதில்லை. தைல மணம் கையில் இருந்தால் மண்ணெண்ணெய் மணம் தெரியாதாம்.

சமாதானபுரத்தில் அவருடைய வீட்டுப் பக்கச் சுவரில் பன்னிரண்டு கொக்கிகள். பதினொன்றில் சைக்கிள்கள் முன்சக்கரத்தால் தொங்குகின்றன. பன்னிரண்டாவது ஆறு வருஷமாகக் காலி. அவருடைய மனைவி ஜெபகனி என்னிடம் அதைத்தான் முதலில் காட்டினார்.

"எங்க கல்யாண ஃபோட்டோ மாட்ட ஒரு ஆணி கேட்டு நானும் நடையா நடக்கேன் சிஸ்டர். வீட்டுல உள்ள ஆணியெல்லாம் சைக்கிளுக்கு. நாங்க ரெண்டு பேரும் பீரோவுக்குப் பொறத்தால கெடக்கோம்."

வேலை செய்கிற விதம் நிதானம். மின்சாரத்தில் ஓடும் எந்தக் கருவியும் கிடையாது. பெடல் கட்டையைப் பிடித்திருக்கும் கோட்டர் பின் துருவேறி இறுகியிருந்தால் மற்றவர்கள் சுத்தியலால் அடித்துச் சப்பையாக்குவார்கள். இவர் மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றிவிட்டு மூன்று நாள் அந்தப் பக்கமே போக மாட்டார். "பைய வரும் சிஸ்டர். அதுவா வரணும்." பிரியாணி பார்சலில் வரும் வெள்ளித் தாளைத் தண்ணீரில் நனைத்து ரிம்மைத் தேய்த்தால் துரு கறுப்பாக வழிந்து வருகிறது; நானே பார்த்தேன். பெயிண்ட் மட்டும் அடிக்க மாட்டார். "பெயிண்ட் அடிச்சிட்டா அது நம்ம சைக்கிள் ஆயிருமுல்லா? அது அவங்க சைக்கிளா இருக்கணும்."

ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு பழைய மீட்டர் அட்டை உண்டு. எந்தத் தேதியில் என்ன செய்தார், எத்தனை பால்ரஸ் குண்டு மாற்றினார், எங்கே எண்ணெய் விட்டார் என்று எழுதிக் கீழே கையெழுத்து. நாற்பது வருஷம் வார்டில் இருந்தவள் நான். கையெழுத்து இல்லாத சார்ட்டைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வரும். இந்த அட்டைகளில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு சட்டம் வைத்திருக்கிறார். சைக்கிள் ஓட வேண்டும். வாரத்துக்கு ஒன்றாகக் கொக்கியிலிருந்து இறக்கி ரீடிங்குக்குப் போவார். தினமும் ஓட்டுவேன் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் சும்மாவே கொடுத்துவிடுவார். வாங்கிப் போனவர் ஓட்டாமல் நிறுத்தியிருப்பதைப் பார்த்தால், அடுத்த ரீடிங்குக்குப் போகும்போது திரும்ப உருட்டிக்கொண்டு வந்துவிடுவார். இரண்டு பேருடன் இப்படிச் சண்டை வந்திருக்கிறது.

அந்தப் பன்னிரண்டாவது கொக்கிக்குரிய சைக்கிள், நான் இந்த வருஷம் ஏப்ரலிலிருந்து வேலை பார்க்கிற வீட்டில் நிற்கிறது. சிவன் கோயில் பக்கத்துத் தெரு. என் பொறுப்பில் இருப்பவர் சங்கரசுப்பிரமணியன், பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எண்பத்தொன்று. வலது முழங்காலில் ஆபரேஷன். மருமகள் ராஜராஜேஸ்வரி பள்ளிக்கூட வேலைக்குப் போனபிறகு அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அவருடைய ஹம்பர் அறுபது வருஷத்துக்கு முந்தியது. முன் ஃபோர்க் மற்ற சைக்கிள்களைப் போல ஒரு ஜோடிக் கம்பி இல்லை, இரண்டு ஜோடி. ஆறு வருஷத்துக்கு முன்னால் அதை முதலில் பார்த்த அன்று சுவிசேஷமுத்து சீட்டுக்குக் கீழே கட்டைவிரலால் துடைத்து ஃபிரேம் நம்பரைப் படித்திருக்கிறார். படித்த மயக்கத்தில் அந்த நீள நம்பரையே மீட்டர் அட்டையில் ரீடிங் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். பத்திரம் சரிபார்த்தே பழகிய மனிதர் விடுவாரா?

"என்னவே, நான் வீட்டுக்குள்ள நூல் மில்லா ஓட்டுதேன்?"

அடித்துத் திருத்தி, பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்து. அந்த அட்டை இன்னும் அங்கே தொங்குகிறது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் இது ஒரு விளையாட்டு. மீட்டர்காரர் சைக்கிளைக் கேட்பார், வீட்டுக்காரர் மறுப்பார்.

மே மாதம் ரீடிங்குக்கு வந்தபோது நான் இருந்தேன்.

"இன்னைக்கு எதைப் பாக்க வந்தீரு? மீட்டரையா, அவளையா?" என்று ஹம்பரைக் காட்டிக் கேட்டார் கிழவர்.

"ரெண்டையுந்தான் அண்ணாச்சி. அடுத்த ரீடிங்தான் எனக்குக் கடைசி. ஜூலையோட ரிட்டயர்டு. அதுக்கப்புறம் இந்த நடைக்குள்ள நொழைய எனக்கு என்ன வேலை இருக்கு? இப்பமாவது குடுங்களேன்."

"எல்லாம் குடுக்கலாம்வே. நான் ஒரு மட்டம், ஒரே ஒரு தடவ, ஓட்டிட்டுத் தாரேன். அதுக்கு மேல அவ ஒமக்குத்தான். சத்தியம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சுவிசேஷமுத்து சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை, வேறு காரணத்துக்காக. கிழவருடைய புது மூட்டு எழுபது டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. பிசியோதெரபிக்கு வந்தவரை வலிக்கிறது என்று இரண்டாம் நாளே அனுப்பிவிட்டார். நான் மடக்கச் சொன்னால் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். மூன்று மாதத்துக்குள் மடங்காத முழங்கால் அப்படியே இறுகிப்போகும். பிறகு கழிப்பறையில் உட்கார்ந்து எழ ஆயுசுக்கும் ஒரு ஆள் வேண்டும். இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். "பாப்போம்" என்பார்.

சுவிசேஷமுத்து என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "சிஸ்டர், ஸ்டாண்டு போட்டு நிறுத்தினா பின்சக்கரம் தரையில படாது. அங்கனயே மிதிக்கலாம். மிதிக்கலாமா, கூடாதா?"

மிதிக்கலாம். மிதிப்பதுதான் அந்தக் காலுக்கு மருந்து. ஆபரேஷன் செய்த டாக்டரிடம் நானே போனில் கேட்டேன். ஆள் பக்கத்தில் நின்றால் சரி என்றார். இரண்டு பக்கமும் ஏறி நிற்கத் திண்டு போல மரப்பெட்டி வேண்டும், ஃபிரேமைச் சுவரோடு சேர்த்து இறுக்க வேண்டும், இடுப்பில் பெல்ட் கட்டி அதை நான் பிடித்திருப்பேன் என்று மூன்று நிபந்தனை சொன்னேன். மூன்றையும் ஒரு பழைய மீட்டர் அட்டையில் எழுதிக்கொண்டார்.

"வண்டி வெளியே போகப்படாது" என்று கிழவர் கறாராகச் சொன்னதால் வேலை முழுவதும் நடையிலேயே நடந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பதினெட்டு நாள். ராஜராஜேஸ்வரி தினமும் வீட்டுக்குள் நுழையும்போது புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பால்ரஸ் கிண்ணத்தைத் தாண்டினாள்.

"அந்த எடத்துல இன்வெர்ட்டர் வைக்கலாம்னு நானும் நாலு வருஷமாச் சொல்லுதேன். இப்ப என்னடான்னா ஒரு கடையே வந்திருக்கு. மாமா, பஞ்சர் ஒட்டுறதுக்கும் போர்டு போட்டிருவோமா?"

"போடு தாயி. நீயே கல்லாவுல இரி."

தோல் சீட்டுக்கு ஒரே தடவை எண்ணெய். சக்கரத்தின் கோட்டத்தை எடுக்க அரைநாள். டைனமோவைப் பிரித்தார், துடைத்தார், பூட்டினார். கிழவர் நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி நடை வாசலில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். "பிரேக் கம்பிய அப்படியா பிடிப்பாவ?" என்றார். "நீரு மீட்டருதான் பாப்பேரு" என்றார். உட்கார்ந்து எட்டிப் பார்க்கிறபோது கால் தானாகக் கொஞ்சம் மடங்கியதை நான் கவனித்தேன்; சொல்லவில்லை. சொன்னால் நீட்டிவிடுவார்.

ஜூன் பத்தாம் தேதி ஏற்றி உட்கார வைத்தோம். சீட்டை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தச் சொன்னேன், முழங்கால் குறைவாக மடங்கினால் போதும் என்பதற்காக. முதல் நாள் பெடல் சுற்றவில்லை. கால்வாசிச் சுற்று முன்னால், கால்வாசிச் சுற்று பின்னால். அவ்வளவுதான் வந்தது. வலித்தது, முகத்தில் தெரிந்தது.

"எறங்குதேன்" என்றார்.

"எறங்குங்க அண்ணாச்சி. சத்தியம் பண்ணுனது நீங்கதான். ஓட்டலேன்னா எனக்கு இல்ல, அவ்வளவுதான்" என்றார் சுவிசேஷமுத்து, ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே.

"பெல்ட்டப் பிடிங்க சிஸ்டர்" என்றார் கிழவர். மறுபடியும் மிதித்தார்.

தினமும் பத்து நிமிஷம். எட்டாம் நாள் பெடல் உச்சிக்குப் போய் நின்றது. மனிதர் பல்லைக் கடித்து, என்னிடம் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லி, அமுக்கினார். பெடல் தாண்டி விழுந்தது. அடுத்த சுற்றும் வந்தது. பின்சக்கரம் பிடித்துக்கொண்டு சுழல, டைனமோ கரகரவென்று பாட, முன்னால் இருந்த விளக்கு எரிந்து எதிர்ச் சுவரில் மஞ்சளாக ஒரு வட்டம் விழுந்தது. வட்டத்துக்கு நடுவில் மீட்டர் பெட்டி.

"இந்தக் கரண்டுக்கும் எழுதுவீராவே?"

"இதுக்கு ரீடிங் கெடையாது அண்ணாச்சி. எவ்வளவு வேணும்னாலும் எரிங்க."

அதற்குப் பிறகு முழங்கால் மடங்க மடங்கச் சீட்டை இறக்கிக்கொண்டே வந்தோம். வாரம் ஒரு தடவை சுவிசேஷமுத்து வந்து ஒரு விரற்கடை இறக்குவார். நான் சீட்டுக் கம்பியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவேன். ஜூலையில் கோணம் நூறு டிகிரியைத் தாண்டிவிட்டது. கழிப்பறைக்கு அவரே போய்வருகிறார். பேப்பர் படிப்பதும் இப்போது சைக்கிளில் உட்கார்ந்துதான்.

கடைசி ரீடிங் ஜூலை இருபத்தாறு. சுவிசேஷமுத்து சலவைச் சட்டை போட்டு வந்தார். அண்ணாந்து படித்தார், எழுதினார், கையெழுத்துப் போட்டார். இந்த முறை கால் சாக்கைத் தேடவில்லை, சாக்கே இல்லை. கறுப்பு ஹம்பர் பழைய தங்கக் கோடுகள் துலங்க எதிரே நின்றது, அவர் துடைத்த வேலைதான்.

கிழவர் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். என் தோளைப் பிடித்து இறங்கி, ஒரு கையைச் சுவரில் ஊன்றி நிமிர்ந்து நின்றார்.

"ஓட்டிட்டேன்வே. ஒரு மட்டத்துக்கு ஒம்பது மட்டம் ஓட்டியாச்சு. சொன்ன சொல்லு சொன்னதுதான். எடுத்துட்டுப் போம்."

அப்படிச் சொன்னவர் முகத்தைத் திருப்பி, ஆறு வருஷத்துக்கு முந்தைய அடித்தல் திருத்தலோடு தொங்கும் அந்த அட்டையைப் படிக்கத் தொடங்கினார். ராஜராஜேஸ்வரி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். இன்வெர்ட்டருக்கு அவள் கேட்ட இடம் காலியாகப்போகிறது; அவள் கண் ஹம்பரின் மேலேயே இருந்தது.

சுவிசேஷமுத்து ஹேண்டிலைப் பிடித்தார். பெல்லை ஒருமுறை அடித்துப் பார்த்தார். ஆறு வருஷம் கேட்டு வாங்கியது, கைக்கு வந்துவிட்டது. சுவரோடு சேர்த்த இறுக்கியைக் கழற்றினால் போதும்.

"பன்னிரண்டாவது கொக்கி?" என்று நான்தான் கேட்டேன்.

"அதுவா... ஜெபகனி அங்கன ஃபோட்டோவ மாட்டணும்னு நிக்கா சிஸ்டர்."

பையைத் தரையில் வைத்தார், ஸ்பானரை எடுத்தார், ஹம்பரின் பக்கத்தில் குந்தினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிழவரின் வலது முழங்காலை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சீட்டின் நட்டைத் தளர்த்தி, என் கடைசிக் கோட்டுக்குக் கீழே இன்னொரு விரற்கடை இறக்கி, இறுக்கி, கோடு போடுவதற்காகப் பென்சிலை என்னிடம் நீட்டினார்.