விஜயகுமாரி ரங்கத் பஜாரை இருட்டாக்கிய சாயங்காலம்

அந்தமானின் ரங்கத் பஜாரில் விஜயகுமாரியின் தையலைப் புகழாதவர்கள் கிடையாது. குரலைக் கேட்டவர்கள்தான் கம்மி. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில், கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் பிறந்தவள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இரண்டு காதையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. தன் குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அவளுக்கே தெரியாது. ஒருநாள் அவள் பேசும்போது கடையில் யாரோ சிரித்ததைப் பார்த்துவிட்டாள். அதோடு வாயை மூடினவள்தான். ரோஷக்காரி!

பழக்கடை ஜெயராணியிடம் மட்டும் பேசுவாள். அதுவும் வானத்தைப் பற்றித்தான். தன் தையல் கடை மாடியில் ஒரு டெலஸ்கோப் வைத்திருந்தாள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் கற்களில் ஒன்றுக்குப் பீத்தோவன் என்று பெயர் என எங்கோ படித்ததிலிருந்து அதன்மேல் அப்படியொரு பாசம். காது போன பிறகும் இசை எழுதிய மனுஷனாயிற்றே!

"நம்ம ஆளுடி" என்பாள்.

அந்தக் கல் டிசம்பரில் ஒரு சாயங்காலம் ஒரு நட்சத்திரத்தைச் சில விநாடி மறைக்கப்போகிறது என்று தெரிந்தது. நட்சத்திரம் அணைந்து மறுபடி எரிவதைப் படம் பிடித்தால் கல்லின் அகலத்தைக் கணக்குப் போடலாம். மெயின்லேண்டில் அந்நேரம் வெளிச்சம் இருக்கும், ஒன்றும் தெரியாது. அந்தமானில்தான் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடுமே! கல்லின் நிழல் விழும் இடத்தில் டெலஸ்கோப் இருப்பது அவளிடம் மட்டும். அவள் விட்டால் போச்சு.

பஜார் வெளிச்சம்தான் இடைஞ்சல். லைன்மேன் சுரேந்திரனுக்கு டிரான்ஸ்ஃபார்மரில் வேலை பாக்கி இருந்தது. அதை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி ஜெயராணியைத் தூது அனுப்பினாள். அவனும் தலையாட்டினான். வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் சிரிப்பார்களாம்!

சொன்னபடி கரண்ட் போனது. வானம் கறுத்து நட்சத்திரம் டெலஸ்கோப்பில் மாட்டியிருந்த ஃபோன் திரையில் துளியாகத் தெரிந்தது. மனசு குளிர்ந்து முடிவதற்குள் பஜார் மொத்தமும் பளீரென்று எரிந்தது.

ஜெனரேட்டர்! நித்தமும் கரண்ட் போகிற ஊரில் கடைக்காரர்களின் கை தானாகவே கயிற்றை இழுத்துவிடும். இதை எப்படி மறந்தாளோ! எதிர்க்கடையின் பெரிய விளக்கு நேரே டெலஸ்கோப்புக்குள் அடித்தது. திரை வெளுத்து, நட்சத்திரத்தைக் காணோம். இறங்கி ஓடிக் கடை கடையாகச் சொல்ல நேரமில்லை.

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "பத்தி பந்த் கரோ! லைட்ட அணைங்க எல்லாரும்! என் நட்சத்திரம் போகுது!"

பஜாரே அண்ணாந்து பார்த்தது. ஒருத்தன் சிரிப்பதும் தெரிந்தது. சிரிக்கட்டுமே! மறுபடி கத்தினாள். ஜெயராணி முதலில் தன் கடை விளக்கை அணைத்துவிட்டு, தெருவில் இறங்கிக் கடை கடையாகக் கையை ஆட்டிக்கொண்டு ஓடினாள். "அரே பையா, பந்த் கரோ! அவ வாயத் தொறந்து கேக்குறா, குடுக்க மாட்டீங்களா?" என்று சொன்னாளாம்; அது பிறகு தெரிந்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

துளி திரும்ப வந்தது. அடுத்த நிமிடமே, யாரோ ஊதியது போல அணைந்தது. மறுபடி எரிந்தது. எல்லாம் ஃபோனில் பதிந்திருந்தது.

"புடிச்சிட்டேன்!" என்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாள்.

கீழே எல்லாரும் கைதட்டினார்கள். இருட்டில் அது அவளுக்கு எப்படித் தெரியும்? ஜெயராணிக்குத்தான் அது உறைத்தது. தன் கடை விளக்கைப் போட்டாள், அணைத்தாள், மறுபடி போட்டாள். எதிர்க்கடைக்காரரும் புரிந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் பஜார் முழுக்க விளக்குகள் எரிந்து அணைந்து எரிந்தன.

விஜயகுமாரி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எப்படிக் கேட்கும் என்று அவள் யோசிக்கவே இல்லை.